பாக்ஸை இறக்கும் முன்: பழைய பிக்கப்பின் கியர் தொல்லைக்கு ஒரு நீண்ட பதில்

ஒடுகத்தூர் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது. 2010 மாடல் பிக்கப், அவர் மூன்றாவது ஓனர், மீட்டரில் 2,40,000 கிலோமீட்டர். ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் இறக்குகிறார். மற்ற நாளில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி. காலையில் இரண்டாவது கியர் போட்டால் 'கர்ர்' என்று உரசுகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. நிற்கும்போது லேசாக ஒரு இரைச்சல். நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டு. ஒரு மெக்கானிக், "பாக்ஸ் முடிஞ்சுது, பழைய பாக்ஸ் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்" என்கிறார். இன்னொருவர், "140 ஆயில் ஊத்தி ஓட்டு, சத்தமே வராது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். நீங்கள் சொன்ன நாலு தொல்லையும் ஒரே வியாதியாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. மூன்று தனித்தனிக் காரணம் இருக்கலாம், அதில் இரண்டு பாக்ஸுக்கு வெளியே இருக்கலாம். வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துப் பட்டறைகளில் 28 வருஷம் ஓட்டியவன் நான். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் மேல்விஷாரத்துக்காரர், எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். வண்டி உள்ளே வந்ததும் நான் ஸ்பேனரோடு கீழே போய்ப் படுத்தால் காலைப் பிடித்து இழுப்பார். "பாக்ஸ எறக்கறதுக்கு முன்னாடி காதயும் மூக்கயும் எறக்குடா, அதுக்குக் காசு கேக்காது" என்பார்.

சரி, ஆயிலிலிருந்து ஆரம்பிக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுக் கீழே போங்கள். பாக்ஸின் பக்கவாட்டில் பாதி உயரத்தில் இருப்பது ஆயில் ஊற்றும் பிளக், அடியில் இருப்பது வடிக்கும் பிளக். முதலில் மேல் பிளக்கைத்தான் திறக்க வேண்டும், இதை மறக்கவே கூடாது. பையனாக இருந்தபோது நான் கீழ்ப் பிளக்கைத் திறந்து மொத்த ஆயிலையும் வடித்துவிட்டு மேலே வந்தால், மேல் பிளக் துருப்பிடித்து உருண்டையாகிப் போயிருந்தது. பாக்ஸ் காலி, ஊற்ற வழி இல்லை. வெல்டரைக் கூட்டி வந்து பிளக்கின் தலையில் ஒரு நட்டை வைத்து ஒட்டித் திருகி எடுப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. அது ஆம்பூர் பக்கம் தோல் ஏற்றிய வண்டி. உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றுகிற வண்டிகளில் பலகை இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பிளக், மவுண்டிங் போல்ட், பாக்ஸிலிருந்து பின்பக்கம் ஓடுகிற பிரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் அரித்துப் போகும். மூன்றாவது கையில் வாங்கிய வண்டி என்கிறீர்கள். முன்னால் இருந்தவர் என்ன லோடு அடித்தார் என்று விசாரித்துப் பாருங்கள்.

மேல் பிளக்கைத் திறந்ததும் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பாருங்கள். ஆயில் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். விரலை மடக்கித் தேடினாலும் கிடைக்கவில்லை என்றால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. பிறகு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, சூடாக இருக்கும்போதே ஒரு சுத்தமான டப்பில் வடியுங்கள். ஆயில் காணாமல் போயிருந்தால் மட்டும் அந்த ஓட்டம் வேண்டாம், நின்ற இடத்திலேயே வடித்துவிடுங்கள். வடித்ததை அப்படியே வெயிலில் வைத்துப் பாருங்கள். பொன் தூள் கலந்த மாதிரி மினுமினுத்தால் அது பித்தளை, அதாவது கியர் உரசாமல் விழ உதவுகிற சிங்க்ரோ ரிங் தேய்ந்து வருகிறது. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தால் பயம் இல்லை, இத்தனை கிலோமீட்டர் ஓடின வண்டியில் அது இருக்கத்தான் செய்யும். ஆனால் நகத்தால் தடவும்போது துண்டு, செதில், ஊசி மாதிரி உருளை ஏதாவது மாட்டினால் பல் உடைந்திருக்கிறது அல்லது பேரிங் சிதறியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு டிரிப் கூட அடிக்க வேண்டாம்.

ஆயில் டீ நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தரைப்பாலங்களைக் கடந்து வந்த வண்டிகளில் இதை நிறையப் பார்த்தேன். பாக்ஸின் மேலே பிரீதர் என்று ஒரு குட்டி மூச்சுக்குழாய் இருக்கும். ஓடிச் சூடான பாக்ஸ் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அதே பிரீதர் சேறு அடைத்துக்கொண்டால் வேறு கதை. உள்ளே சூட்டில் அழுத்தம் கூடி, போக வழியில்லாமல் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். சொட்டு என்றதும் சீல் மாற்றச் சொல்வார்கள். மாற்றிய சீலும் ஒரே மாதத்தில் ஒழுகும். பிரீதரை ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய ஐந்து நிமிஷம் ஆகாது.

சொட்டு எங்கிருந்து என்றும் பாருங்கள். பாக்ஸும் என்ஜினும் சேருகிற பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து சொட்டினால், தொட்டு முகர்ந்து பாருங்கள். கெட்ட முட்டை மாதிரி கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். கறுப்பாக, டீசல் புகை வாசத்தோடு இருந்தால் அது என்ஜின் ஆயில். கிராங்க் பின்பக்க சீல் போயிருக்கிறது, அதற்கும் கியர் பாக்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. பின்பக்கம் பிரொப்பல்லர் ஷாஃப்ட் நுழைகிற இடத்தில் ஒழுகினால், சீலை மாற்றும்போது அது உட்காருகிற யோக்கின், அதாவது ஷாஃப்ட்டின் முன்முனைத் துண்டின், முகத்தையும் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புது சீல் போட்டும் பயன் இல்லை.

இப்போது என்ன ஆயில் ஊற்றுவது? 140 ஊற்றச் சொன்ன மெக்கானிக்கின் வைத்தியம் வண்டியை விற்கிறவர்களின் வைத்தியம். தடித்த ஆயில் சத்தத்தை அமுக்கும், தேய்மானத்தை நிறுத்தாது. ஒரு காலத்தில் மரத்தூளைப் போட்டும் கிரீஸை அடைத்தும் பாக்ஸ் சத்தத்தை மறைத்து விற்றிருக்கிறார்கள், இதுவும் அந்த வகைதான். உங்கள் வண்டிக்கு இது கூடுதல் கெடுதல். ஏன் என்று கீழே இரண்டாவது கியர் பற்றிச் சொல்லும்போது விளங்கும். நம் ஊர் டீசல் பிக்கப்புகளின் கியர் பாக்ஸுக்குப் பொதுவாக 80டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம். வண்டியோடு வந்த கையேடு வேறு சொன்னால் அதுதான் சட்டம்.

ஜிஎல்-4, ஜிஎல்-5 வித்தியாசத்தைக் கடைக்காரர்கள் பலரே கண்டுகொள்வதில்லை. "ரெண்டும் ஒண்ணுதான், அஞ்சு பெரிசு" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஜிஎல்-5 பின் சக்கர அச்சின் நடுவே இருக்கிற ஹவுசிங்கில் சுற்றுகிற கிரவுன்-பினியன் பல் சக்கரங்களுக்கானது. அங்கே பல்லும் பல்லும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே பெரிய பாரம் தாங்குவதால், கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த மருந்து அதில் அதிகம். அந்த மருந்தின் சில வகைகள் சூட்டில் பித்தளையை அரிக்கும். அது மட்டும் இல்லை, சிங்க்ரோ ரிங் வேலை செய்வதே உராய்வில்தான். அந்த இடத்தில் வழுக்கல் கூடினால் கியர் உரசும். பாக்ஸுக்கு ஒன்று, ஹவுசிங்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குங்கள். துளையிலிருந்து மெல்ல வழிய ஆரம்பிக்கும் வரை ஊற்றி, வழிந்து நின்றதும் பிளக்கை மூடுங்கள். லிட்டர் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மலைப்பாதையில் லோடு அடிக்கிற பழைய வண்டிக்கு 40,000 கிலோமீட்டரைத் தாண்ட விடாமல் ஆயில் மாற்றுவது என் பழக்கம்.

ஆயில் மாற்றி ஒரு வாரம் ஓட்டியும் இரண்டாவது கியர் உரசினால் அடுத்தது கிளட்ச். இதற்கு ஒரு சோதனை உண்டு, செலவே இல்லை. சமதளம், என்ஜின் ஐடிலில், கியர் நியூட்ரலில். கிளட்சைத் தரை வரை அமுக்கி, மனசுக்குள் ஐந்து எண்ணி, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. கிளட்ச் முழுசாக விட்டிருந்தால் அந்த ஐந்து நொடியில் உள்ளே இருக்கிற ஷாஃப்ட் நின்றுவிடும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். அப்போதும் 'கர்ர்' என்றால் கிளட்ச் பிளேட் ஃபிளை வீலை விட்டு முழுசாகப் பிரியவில்லை, ஷாஃப்ட்டை இழுத்துக்கொண்டே சுற்றுகிறது. பாக்ஸ் மேல் பழி போட இடமில்லை. இன்னொன்றும் பாருங்கள். என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்தால் வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஓடும்போது முரண்டு பிடிக்கிறது என்றால் கிளட்ச் பக்கம். அணைத்தாலும் கடினம் என்றால் லீவர், அல்லது பாக்ஸுக்குள் கியரை நகர்த்துகிற ஃபோர்க் பக்கம்.

கிளட்ச் விடாததற்குக் காரணம் சின்னதாகவே இருக்கலாம். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பெடலை இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்துவிட்டு கியர் போட்டுப் பாருங்கள். அப்படிச் செய்தால் நன்றாக விழுகிறது என்றால் லைனில் ஏர் இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் கப் போய்விட்டது. அந்த ஃபுளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாதி. டப்பாவில் கறுத்துக் கிடந்தால் முழுதும் மாற்றி ஏர் எடுங்கள். கேபிள் வகை என்றால் கேபிளை அளவு பார்த்து இழுத்துவிட்டாலே சில வண்டி சரியாகிவிடும். இதெல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் கிராங்க் நுனியில் உட்கார்ந்திருக்கிற பைலட் பேரிங் இறுகியிருக்கலாம். அதைப் பார்க்க மட்டும் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

கிளட்ச் தேர்வில் பாஸானால்தான் சிங்க்ரோவைச் சந்தேகப்பட வேண்டும். ஓடுகிற டவுன் பஸ்ஸில் ஏறுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து தாவினால் விழுவான், கூடவே நாலு அடி ஓடி வேகத்தைச் சமமாக்கிக்கொண்டுதான் படியில் கால் வைப்பான். அந்த நாலு அடி ஓட்டம்தான் சிங்க்ரோ ரிங்கின் வேலை. சுற்றுகிற கியரின் கூம்பில் போய் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிய பிறகே, கியரை ஷாஃப்ட்டோடு பூட்டுகிற ஸ்லீவ் என்ற வளையத்தைப் பல்லோடு பல் சேர விடும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வேக வித்தியாசம் அதிகம், நாளைக்கு நூறு தடவை போடுகிற கியரும் அதுதான். அதனால்தான் பெரும்பாலான வண்டிகளில் முதலில் தேய்வது இரண்டாவது கியர் ரிங். காலைக் குளிரில் ஆயில் தடித்துக் கிடக்கும்போது ரிங்குக்குப் பாரம் கூடுகிறது, அதனால் விடியற்காலையில் உரசி, வெயில் ஏறியதும் அடங்கிவிடும். இப்போது புரிகிறதா, 140 ஆயில் ஏன் வேண்டாம் என்று? மலையடிவாரத்து மார்கழிக் காலையில் அது வெல்லப்பாகு மாதிரி நிற்கும். ஏற்கெனவே தள்ளாடுகிற ரிங்கின் முதுகில் மூட்டை வைக்கிற வேலை.

இரண்டாவது கியர் மட்டும் காலையில் உரசுகிறது, மற்றபடி நன்றாக நிற்கிறது என்றால் உடனே பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நியூட்ரலில் அரை நொடி நிறுத்திப் போடுங்கள். இரண்டுக்கு இறங்கும்போது பழைய லாரிக்காரர்கள் மாதிரி டபுள் கிளட்ச் அடியுங்கள், அதாவது நியூட்ரலுக்கு ஒரு தடவை, கியருக்கு ஒரு தடவை என்று கிளட்சை இரண்டு தடவை மிதியுங்கள். இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வண்டியில் என்னைக் கவலைப்பட வைப்பது மூன்றாவது கியர்தான்.

கியர் தானாகக் கழலுவதற்கும் சிங்க்ரோ ரிங்குக்கும் சம்பந்தம் இல்லை. கியர் விழுந்த பிறகு அதைப் பிடித்து வைப்பது ஸ்லீவின் பல்லும், செலக்டர் ராடில் ஸ்பிரிங் தள்ளுகிற ஒரு குண்டும். ஏறும்போது என்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது, இறங்கும்போது சக்கரம் என்ஜினைத் தள்ளுகிறது. பாரம் பல்லின் மறுபக்கத்துக்கு மாறும். சாய்வாக வெட்டிய பல் என்பதால் ஷாஃப்ட்டும் முன்னும் பின்னும் தள்ளப்படும். உள்ளே எங்காவது ஆட்டம் இருந்தால் அந்த நேரத்தில்தான் கியர் நழுவும். இறக்கத்தில் மட்டும் கழலுகிறது என்று நீங்கள் சொன்னது நல்ல துப்பு.

ஆனால் ஆட்டம் பாக்ஸுக்குள்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் லீவர். அடியில் இருக்கிற நைலான் புஷ் தேய்ந்து, சட்டியில் கரண்டி கிண்டுகிற மாதிரி லீவர் ஆடினால் கியர் முழு ஆழத்துக்குப் போகாது. லீவரைச் சுற்றி இருக்கிற ரப்பர் பூட் புதிதாக, விறைப்பாகப் போட்டிருந்தால் அதுவே லீவரைத் திரும்ப நியூட்ரலுக்குத் தள்ளும். பூட்டைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அடுத்தது மவுண்டிங் ரப்பர். ஹேண்ட் பிரேக் முழுசாகப் போட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து முதல் கியரில் கிளட்சைப் பிடிக்கிற இடம் வரை மட்டும் விடட்டும். இன்னொருவர் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பானெட்டுக்குள் பார்க்கட்டும். என்ஜின் எழும்பிக் குதித்தால், கூடவே லீவரும் துள்ளினால், ரப்பர் கிழிந்திருக்கிறது. பாரம் மாறும்போது மொத்த என்ஜினும் பாக்ஸும் புரள, லீவர் இழுபட்டு கியர் கழன்றுவிடும்.

அடுத்து பெல் ஹவுசிங் போல்ட். எல்லாவற்றையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். இதைச் சொல்லும்போது ஒரு வண்டி ஞாபகம் வருகிறது. பேரணாம்பட்டிலிருந்து வந்தது, நான்காவது கியர் நிற்கவில்லை என்று. எங்களிடம் வருவதற்கு முன் வேறு பட்டறையில் இரண்டு தடவை பாக்ஸையே மாற்றியிருந்தார்கள். இரண்டு பாக்ஸும் ஆறு மாதத்தில் அதே இடத்தில் கழன்றன. இறக்கிப் பார்த்தால், என்ஜினையும் பெல் ஹவுசிங்கையும் நேர்க்கோட்டில் பிடித்து வைக்கிற டவல் பின் இரண்டுமே இல்லை. எப்போதோ கிளட்ச் மாற்றியபோது கீழே விழுந்த பின்னை யாரோ தேடி எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். போல்ட் இறுக்கம் மட்டும் போதாது, தம்பி. மயிரிழை விலகினாலும் ஷாஃப்ட் கோணலாகச் சுற்றி, பைலட் பேரிங்கைத் தின்று, கியரைத் தள்ளிவிடும். இரண்டு பின் போட்டதும் வண்டி சரியானது. ஓனர் இரண்டு பாக்ஸுக்குக் கொடுத்த காசை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார். முதல் மெக்கானிக் சொல்கிற பழைய பாக்ஸை நான் உடனே வேண்டாம் என்பது இதனால்தான். காரணம் வெளியே இருந்தால் புதுப் பாக்ஸும் அதே நோயில் போகும்.

வெளியே எல்லாம் சரி, ஆனாலும் கழலுகிறது என்றால் உள்ளேதான். பெரும்பாலும் ஃபோர்க் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்லீவின் பல் முனை உருண்டிருக்கும். ஃபோர்க் தேய்வதற்கு டிரைவரின் இடது கைதான் முதல் காரணம். லீவர் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டுவது நம்மிடம் ஒரு ஸ்டைல். கையின் பாரம் லீவர் வழியாகப் போய், சுற்றுகிற ஸ்லீவ் மேல் ஃபோர்க்கை உரசிக்கொண்டே இருக்க வைக்கிறது. கிளட்ச் பெடல் மேல் கால் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ரிலீஸ் பேரிங் போவதும் அதே கணக்கு.

அதுவரை எப்படி ஓட்டுவது? மலையிலிருந்து இறங்கும்போது மூன்றாவதை நம்பாதீர்கள், இரண்டாவதில் இறங்குங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிள் டியூபைக் கிழித்து லீவரை சீட்டோடு கட்டி இறங்கி வந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். கழலுகிற கியரை அப்படி இழுத்துப் பிடித்தால் ஃபோர்க் இன்னும் வேகமாகப் போகும், அவசரத்துக்கு கியர் மாற்றவும் முடியாது. லோடோடு இறங்கும்போது கியர் கழன்றால் என்ஜின் பிடிப்பு போய், மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறினால் பெடல் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆகவே உரசல் காத்திருக்கலாம், கழலுதல் காத்திருக்கக் கூடாது.

இரைச்சல் விஷயம் சுருக்கமாக. நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் இருந்து, கிளட்சை அமுக்கியதும் அடங்கினால் பாக்ஸின் முன் பேரிங் அல்லது அடியில் இருக்கிற லே ஷாஃப்ட்டின் பேரிங். மாறாக அமுக்கினால்தான் சத்தம் என்றால் ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியரின் பல். வண்டி கிளம்பும்போதும் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் 'டக்' என்று ஒரு அடி கேட்டால் அது பெரும்பாலும் பிரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கிற கிராஸ். கையால் ஷாஃப்ட்டைத் திருகிப் பார்த்தாலே ஆட்டம் தெரியும். அதற்குப் போய் பாக்ஸைப் பிரித்தவர்களும் உண்டு.

இதெல்லாம் பார்த்த பிறகும் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்று வந்தால், பழைய பாக்ஸ் வாங்குவதா, இருப்பதை ஓவர்ஹால் செய்வதா? (நம் பட்டறைகளில் அது 'ஓவராயில்'.) கியர்களின் பல் உடையாமல், ஷாஃப்ட் அரிபடாமல் இருந்தால் என் ஓட்டு உங்கள் பாக்ஸுக்குத்தான். சென்னை புதுப்பேட்டையில் பாக்ஸ் கிடைக்கும், ஆனால் அதுவும் யாரோ ஒருவர் 2,00,000 கிலோமீட்டர் ஓட்டியதுதான், உள்ளே என்ன நிலைமை என்று யாருக்கும் தெரியாது. கேஸ் விரிசல் விட்டிருந்தாலோ, இரண்டு மூன்று கியர் பல் உடைந்திருந்தாலோதான் பழைய பாக்ஸ் கட்டுப்படியாகும். அப்போதும் மேல் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முன் ஷாஃப்ட்டின் நீளம், அதில் இருக்கிற கோடுகளின் எண்ணிக்கை, மீட்டர் கேபிள் மாட்டுகிற இடம் மூன்றும் உங்களுடையதோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள், பில் வாங்குங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். பிரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் சாக்பீஸாலோ சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியாலோ அடையாளம் போடச் சொல்லுங்கள், மாறி மாட்டினால் வண்டி அதிரும். பாக்ஸைப் பின்னால் இழுக்கும்போது நேராகத் தாங்கி இழுக்க வேண்டும். பாதியில் கிளட்ச் பிளேட்டிலேயே தொங்க விட்டால் பிளேட் நடுவில் வளைந்துவிடும், புதுசாக மாட்டிய அன்றே கிளட்ச் விடாது. பாக்ஸ் பக்கத்தில் கிளட்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி ஓரமாகக் கட்டியிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்.

உள்ளே பிரித்ததும் இரண்டாவது கியர் ரிங்கைக் கூம்பின் மேல் விரலால் அழுத்தி, ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். பொதுவாகப் புது ரிங்கில் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் அது முடிந்தது. கையேட்டில் அளவு இருந்தால் அதையே பாருங்கள். இரண்டாவதுக்கு மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பழையபடி விடாதீர்கள். பாக்ஸ் திறந்திருக்கும்போது ரிங் செட், பேரிங் செட், சீல்கள், மூன்றாவது கியர் ஃபோர்க், குண்டு தள்ளுகிற ஸ்பிரிங் எல்லாம் மாற்றிவிடுவதுதான் லாபம். இறக்கி ஏற்றுகிற கூலி ஒரு தடவைதான். அதே கையோடு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், தேவைப்பட்டால் கிராங்க் பின் சீல். ஃபிளை வீல் முகத்தில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து முகம் அடித்துவிடுங்கள். பேரிங் நல்ல கடையில் பில்லோடு வாங்குங்கள், டூப்ளிகேட் அதிகம் நடமாடுகிறது.

பேரிங்கைச் சுத்தியலால் வெளி வளையத்தில் அடித்து ஷாஃப்ட்டில் ஏற்றுகிறவரைக் கண்டால் தயங்காமல் தடுங்கள். அந்த அடி நடுவில் இருக்கிற குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் போடும், புதுப் பேரிங் முதல் நாளே இரையும். உள் வளையத்தில் குழாய் வைத்துத் தட்ட வேண்டும், அல்லது ஆயிலில் சூடாக்கி ஏற்ற வேண்டும். ஷாஃப்ட்டின் ஆட்டத்தைச் சரி செய்கிற சர்க்கிளிப்புகள் (பிடிப்பு வளையங்கள்) பல தடிமனில் வரும், கழற்றியதைத் தொலைத்துவிட்டுக் கையில் கிடைத்ததைப் போடக் கூடாது. பித்தளை ரிங்குகளை மாட்டும் முன் கியர் ஆயிலில் ஊற வையுங்கள். சிலிகான் பசையை மெல்லிசாகத் தடவினால் போதும், பிதுங்கி உள்ளே விழுகிற துண்டு ஆயில் போகிற வழியை அடைக்கும். அப்புறம் அந்த இரண்டு டவல் பின். ஏற்றும் முன் உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஒருவேளை வண்டியைக் கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், பின் சக்கரம் தரையில் ஓடும்படி இழுக்காதீர்கள், அல்லது பிரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுங்கள். இந்த மாதிரி பாக்ஸில் ஆயிலை வாரி இறைப்பது அடியில் இருக்கிற லே ஷாஃப்ட். என்ஜின் ஓடாவிட்டால் அது சுற்றாது. சக்கரம் மட்டும் மேல் ஷாஃப்ட்டை ஆயிலே இல்லாமல் சுற்றும். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு 50 கிலோமீட்டர் இப்படி ஒரு வண்டியை இழுத்து வந்தது நான்தான். ஸ்டார்டர் கோளாறுக்காகக் கொண்டு வந்த வண்டிக்குப் பாக்ஸ் வேலையும் சேர்ந்தது. அந்தக் கூலியைப் பாய் என் சம்பளத்தில் பிடித்தார்.

வேலை முடிந்ததும் முதல் இரண்டு நாள் லோடு இல்லாமல் அணைக்கட்டு ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். புது ரிங்குகள் படிந்து உட்காரக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை கியர் லேசாக இறுக்கமாகத்தான் விழும், பயப்பட வேண்டாம். 1,000 கிலோமீட்டரில் அந்த ஆயிலை வடித்து, காந்தத்தைத் துடைத்து, புது 80டபிள்யூ-90 ஊற்றுங்கள். வடித்ததில் கொஞ்சம் மினுமினுப்பு இருந்தால் படிந்த தூள்தான். துண்டு ஏதாவது கிடைத்தால் ஒரு டப்பாவில் போட்டு வைத்து, என்ன நிறம், என்ன வடிவம் என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.